கடைவீட்டு விஷயமா உன்கிட்ட சொல்ல வேண்டியது

யாழினி கண்ணு,

போன்ல "நூறு வருஷத்து வீடுப்பா, விழத்தான் செய்யும், பில்டருக்கு குடுத்துட்டு நிம்மதியா இருங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிட்ட. குடுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா, உங்கம்மா அந்த இருட்டு சமையல்கட்டுல பட்ட பாட்டுக்கு என்னைக்கோ குடுத்திருக்கலாம். ஆனா வயசாகி விழுதுன்னு மட்டும் சொல்லாத, அதுதான் மனசுக்கு ஒத்துக்கல. போன்ல பேசினா நீ குறுக்க பேசுவ, அதான் டைப் பண்றேன்.

நம்ம கடைவீடு இருக்கற சிந்தாதிரிப்பேட்டை 1734ல நெசவுக்காரங்களுக்குன்னு கிழக்கிந்திய கம்பெனிக்காரன் உண்டாக்கின ஊரு. அப்ப இது கூவத்தாண்ட ஒரு கிராமந்தான். தறிலாம் போயி ரொம்ப காலம் ஆச்சு, ஆனா ஒட்டு ஒட்டா வீடு, ரெண்டு வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர், முன்னாடி திண்ணை, அந்த திண்ணையே கடைன்னு அந்த பழைய அமைப்பு என் சின்ன வயசு வரைக்கும் பல தெருவுல இருந்துச்சு. நம்ம கடைக்கு ஷட்டர் ஏது, பலகைதான். ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டிருக்கும், அந்த வரிசையில சொருகினாதான் மூடும், மாத்தி சொருகிட்டா உன் தாத்தா தலையில ஒரு குட்டு வெப்பாரு.

இப்ப மாடிக்கு வர்றேன். நீ சிவில் படிச்சவ, மெட்ராஸ் டெரஸ்னு புக்குல ஒரு பக்கம் வந்திருக்கும், பரீட்சை முடிஞ்சதும் மறந்திருப்ப. பர்மா தேக்கு கட்டைங்கள வரிசையா போட்டு, அதுமேல ஆச்சுக்கல்லுங்கற ஒல்லியான சின்ன செங்கல்ல செங்குத்தா நிக்க வெச்சு சுண்ணாம்புல கோணலா ஒட்டிக்கிட்டே வருவாங்க, கீழ செண்ட்ரிங் பலகைன்னு ஒண்ணும் கிடையாது, கல்லே கல்ல புடிச்சிக்கும். அதுமேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி பொம்பளைங்க வரிசையா உக்காந்து மரத்தட்டியால நாள் கணக்கா அடிப்பாங்க, கடுக்கா வெல்லம் ஊறவெச்ச தண்ணிய தெளிச்சு தெளிச்சு. கடைசியா தட்டோடுங்கற தட்டையான ஓட்ட பதிப்பாங்க. மே மாசத்துல கூட மத்தியானம் ஃபேன் இல்லாம தூங்கலாம், இப்ப நாங்க இருக்கற ஃபிளாட்ல ஏசி போட்டும் கொதிக்குது!

இதை கொன்னது வயசு இல்ல, சிமெண்ட்டு. சுண்ணாம்பு ஈரத்த இழுத்து திருப்பி வெளிய விட்டுடும். ஒழுகுதுன்னு கூப்ட்டா கொத்தனார் வந்து மேல சிமெண்ட் பூசிட்டு போயிடுவான், அது வெடிச்சு உள்ள போற தண்ணிக்கு வெளிய வர வழியே இல்ல, போய் போய் சுவத்துக்குள்ள இருக்கற கட்டையோட முனையில நிக்கும், முனை உளுத்துடும், அப்புறம் கரையான் அரிச்சிடும். நடு கட்டை இன்னிக்கும் இரும்பு மாதிரி இருக்குது, முனைதான் போச்சு. அதை மாத்தத் தெரிஞ்ச ஆளு, சுண்ணாம்பு அரைக்கத் தெரிஞ்ச ஆளு நம்ம பக்கத்துல இப்ப யாரும் இல்ல.

ரிப்பேருக்கு காசு எங்க இருந்துச்சுன்னும் கேளு. 1960 வாடகைச் சட்டத்துல கோர்ட்டு படி ஏறாம வாடகைய ஏத்த முடியாது, கடைய வாடகைக்கு எடுத்தவர் குடுத்த காசு வெள்ளையடிக்கக் கூட பத்தல. 2017ல புது சட்டம் போட்டு 2019ல அமலுக்கு வந்துச்சு, அதுக்குள்ள மாடியே எறங்கிடுச்சு. பெரியப்பா, அத்தை, நான்னு மூணு பங்கு வேற, ஒருத்தர் செலவு பண்ணலாம்னா இன்னொருத்தர் எதுக்குன்னு கேப்பாங்க. இடது பக்கத்து வீட்ட இடிச்சாங்க பாரு, பொதுச்சுவர் பூச்சு இல்லாம அம்மணமா நின்னுச்சு, 2023 மிக்ஜாம் புயல் மழையில உள்ளாற மண்ணு கரைஞ்சு ஓடிச்சு.

மவுண்ட் ரோடு பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் ஞாபகம் இருக்கா? 1897ல கட்டினது, 2006ல இடிக்க ஆரம்பிச்சாங்க, கேஸ் போட்டு 2010ல ஹைகோர்ட்டு இடிக்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. கோபுரம் வெச்ச கட்டடத்துக்கு கேஸ் போட ஆள் வரும். பருப்பு வித்த கடைக்கு யாரு வருவா, வரணும்னும் நான் சொல்லல.

இப்ப வேலை என்னன்னா, பில்டர் அனுப்பின அக்ரிமெண்ட் பிடிஎஃப் உனக்கு வாட்ஸப்ல போட்டிருக்கேன். அதுல இடிக்கறப்ப வர்ற மரம், கதவு, கல்லு எல்லாம் அவருக்கேன்னு நைசா ஒரு வரி இருக்குது. பெரியப்பா பாக்காமலே கையெழுத்து போட்டுட்டாரு. இடிக்கற காண்ட்ராக்டர் அந்த தேக்குக்காகவே நமக்கு காசு குடுத்து இடிப்பான், பழைய பர்மா தேக்குக்கு இருக்கற கிராக்கி அப்படி. அந்த வரிய எப்படி மாத்தி எழுதணும்னு நீ இங்கிலீஷ்ல எழுதி அனுப்பு. கட்டைய வித்தா மூணு பங்கு. கடைப்பலகை மட்டும் எனக்கு, அதுக்கு பங்கு கிடையாதுன்னு அத்தைகிட்ட சொல்லிட்டேன், அவ சிரிச்சா.

வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடும்மா, சனிக்கிழமை பில்டர் ஆபீஸ்ல எல்லாரும் உக்காரப் போறோம்.

அப்பா