பின்பக்கம் நிமிர்ந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியாவிலிருந்து ஹக்கல வழியாக வெலிமடைப் பக்கம் இறங்கும் வீதியில், கரட்டும் லீக்ஸும் கோவாவும் ஏற்றிய கெப் வாகனங்கள் சில, பின்னால் ஒற்றை அச்சு ட்ரெயிலரையும் இழுத்துக்கொண்டு கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போவதைக் காண்கிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டுவிட்டது என்றாலும், சிறு விவசாயி ஒருவர் லொறி வாங்கக்கூடிய விலை இன்னும் வரவில்லை. ஆகவே கையிலிருக்கும் பழைய கெப்பை வைத்தே இரண்டு நடையை ஒரு நடையாக்கப் பார்க்கிறார். அதில் நான் குற்றம் காணவில்லை. ட்ரெயிலரைக் கொழுவியதும் வாகனத்தின் பின்பக்கம் அமுங்குகிறது என்பதற்காக, எதையும் நிறுத்துப் பார்க்காமல் ஸ்பிரிங்கைத் தடிப்பாக்கிவிடும் வழக்கத்தைப் பற்றியே, தோட்டத்துக் கொழுந்து லொறியை நெடுங்காலம் ஓட்டி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுத விரும்புகிறேன்.

என் தங்கை மகனுடைய கெப்பிலேயே இதை அனுபவித்தேன். ட்ரெயிலரை மாட்டினால் பின்பக்கம் குந்திக்கொள்கிறது, இரவில் முன்விளக்கு மரக் கொப்புகளைத்தான் காட்டுகிறது என்று சொல்லி அவன் அதைக் கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனான். அங்கே பின் ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு இரண்டு தடித்த தகடுகளைச் சேர்த்து அனுப்பினார்கள். "இப்ப பாருங்க மாமா, பாரம் ஏத்தியும் குனியவே இல்ல" என்று பெருமையோடு காட்டினான். உண்மையில் நிமிர்ந்துதான் நின்றது. மறு வாரம் நானும் கூடப் போனேன். ஹக்கலையைத் தாண்டி இறங்கும்போது ஈரமான வளைவொன்றில் ஸ்டீயரிங் கைக்கு இலேசாகி, முன் சக்கரங்கள் திருப்பிய பக்கம் வராமல் வெளிப்பக்கமாக நழுவப் பார்த்தன. இன்னும் சில வளைவுகள் கழிந்ததும் முன் பிரேக்கிலிருந்து கருகல் வாடை எழுந்தது. மண்மேட்டோரமாக நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிட்ட பின்னரே மிச்ச வழியை இரண்டாம் கியரில் இறங்கினோம்.

நடந்தது என்னவென்று விளங்க ஒரு சின்னக் கணக்குப் போதும். ட்ரெயிலரின் மூக்கு வாகனத்தை அழுத்தும் இடம் பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை. அதற்கும் பின்னால், கொக்கியில் இருக்கிறது. ஆகவே பின் அச்சு, தூக்குத் தராசின் நடுப்பிடியைப் போல ஆகிவிடுகிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையில் 3 மீற்றரும், பின் அச்சிலிருந்து கொக்கி வரைக்கும் 1.2 மீற்றரும் உள்ள ஒரு கெப்பின் கொக்கியில் 150 கிலோ இறங்கினால், பின் அச்சில் கூடுவது 150 கிலோ அல்ல, 210 கிலோ. மேலதிகமாக வந்த அந்த 60 கிலோ, முன் அச்சிலிருந்து தூக்கி எடுக்கப்பட்டது. கெப்பின் பெட்டியில் ஏற்றும் மூட்டைகளின் பாரமும் பெரும்பாலும் பின் அச்சிலேயே விழுகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கைத் தடிப்பாக்கினாலும் சரி, அச்சுக்கும் வாகனத்தின் அடிச்சட்டத்துக்கும் இடையில் காற்றடித்த ரப்பர்ப் பை பூட்டினாலும் சரி, பின்பக்கம் நிமிருமே தவிர, முன் அச்சு இழந்த பாரம் அதற்குத் திரும்பக் கிடைப்பதில்லை. வாகனத்தைத் திருப்புவதும், இறக்கத்தில் பிரேக்கின் பெரும் பங்கைத் தாங்குவதும் அந்த முன் சக்கரங்கள்தான்.

எங்கள் வாகனத்தில் இன்னொரு கோளாறும் இருந்தது. கராஜில் எவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய கெப் வாகனங்கள் பலவற்றில் பின் அச்சையும் செசி எனப்படும் அடிச்சட்டத்தையும் இணைத்து ஒரு மெல்லிய கம்பியும், அதன் நுனியில் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்றும் இருக்கும். பாரம் ஏறி வாகனம் அமுங்கும்போது அந்தக் கம்பி வால்வைத் திறந்து, பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போக விடும். வாகனம் வெறுமையாக நிமிர்ந்திருக்கும்போது, பின் சக்கரங்கள் இறுகிச் சறுக்காதபடி அழுத்தத்தைக் குறைக்கும். வால்வுக்குப் பாரம் தெரியாது, உயரம் மட்டுமே தெரியும். ஒரு தொன் ஏற்றிய வாகனத்தைத் தடித்த ஸ்பிரிங்கால் நிமிர்த்தி வைத்தால், வாகனம் வெறுமையாக இருக்கிறது என்றே அது எடுத்துக்கொள்ளும். அதிகப் பாரம் சுமக்கும் பின் சக்கரங்களுக்குக் குறைந்த பிரேக்கும், பாரம் இழந்த முன் சக்கரங்களுக்கு முழு வேலையும் என்று ஆகிவிடுகிறது. எங்களுக்கு வந்த கருகல் வாடையின் காரணம் இதுதான். பின்பக்கத்தின் உயரத்தை நிரந்தரமாக மாற்றினால் இந்தக் கம்பியையும் கைநூலில் உள்ள அளவின்படி மாற்றிச் சரிபார்க்க வேண்டும். புதிய வாகனங்கள் பலவற்றில் இந்த வேலையை மின்னணு முறை பார்த்துக்கொள்வதால் கம்பி இராது. எனவே முதலில் வாகனத்தின் கீழே குனிந்து, கம்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

எந்த ஸ்பிரிங்கைப் பூட்டினாலும் அந்த வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட நிறை ஒரு கிலோகூட உயர்வதில்லை. கைநூலில் அச்சுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, இழுக்கக்கூடியது எவ்வளவு என்று குறித்திருப்பது ஸ்பிரிங்கை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அல்ல. அச்சு, பெயாரிங், டயர், பிரேக், செசி எல்லாம் பழையனவாகவே இருக்கின்றன. "ரெண்டு பட்டை கூடப் போட்டாச்சு, இனி அரைத் தொன் கூட ஏத்தலாம்" என்ற பேச்சைச் சந்தையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அமுங்குவது ஒரு எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை வராமல் வாயைக் கட்டிவிட்டு மேலும் ஏற்றுகிறோம்.

ஆகவே பணம் செலவழிக்க முன்னர் நிறுக்க வேண்டும். கொக்கியில் இறங்கும் பாரத்தை அறிய, மூட்டை நிறுக்கும் மேடைத் தராசே போதும். சமதரையில் ட்ரெயிலரை வழக்கம்போல ஏற்றி, அதன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, வாகனக் கொக்கியின் உயரத்துக்கு ஒரு மரக் குற்றியைத் தராசின் மேல் வைத்து, அதன்மேல் மூக்கை இறக்கி, குற்றியின் நிறையைக் கழித்தால் கணக்குத் தெரிந்துவிடும். ட்ரெயிலரின் மொத்த நிறையில் 10 முதல் 15 சதவீதம் வரை மூக்கில் இருப்பது நல்லது. அதைவிடக் கூடினால் மூட்டைகளைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளலாம். ஆனால் வாகனம் அமுங்கக் கூடாது என்பதற்காக மூட்டைகளை எல்லாம் ட்ரெயிலரின் பின்கோடியில் அடுக்குகிறவர்களும் உண்டு. அது ஸ்பிரிங் தவறைவிடப் பெரிய தவறு. மூக்கில் பாரம் குறைந்த ட்ரெயிலர், இறக்கத்தில் வேகம் பிடித்ததும் வாலாட்டத் தொடங்கும். தொடங்கிய ஆட்டத்தைச் சாரதி நிறுத்துவது எளிதல்ல.

பிறகு, ஏற்கெனவே உள்ள ஸ்பிரிங் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோட்டப் பாதைகளில் ஓடிய பழைய வாகனங்களில் தகடு வெடித்திருப்பதும், புஷ் தேய்ந்திருப்பதும், நடு ஆணி முறிந்திருப்பதும் சாதாரணம். களைத்த ஸ்பிரிங்கின் மேல் புதுத் தகட்டை ஏற்றினால், அந்தப் புதுத் தகடே பாரத்தின் பெரும் பங்கைச் சுமந்து சீக்கிரம் முறியக்கூடும். ஸ்பிரிங்கைக் கொல்லன் உலையில் சூடாக்கி வளைவெடுக்கும் வேலை மலிவாகத்தான் முடியும். ஆனால் முறையாகத் திரும்பப் பதமேற்றாவிட்டால் இரும்பின் உறுதி போய், சில மாதங்களில் மறுபடியும் படுத்துவிடும். பழைய லொறி ஸ்பிரிங்கில் அடித்த கத்தி நல்ல கத்திதான். அதற்காகக் கத்தி அடிக்கிறவரிடமே ஸ்பிரிங்கையும் ஒப்படைக்கலாம் என்று ஆகாது.

இத்தனைக்கும் பிறகும் பின்பக்கம் அமுங்குமானால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வாகனம் எத்தனை நாள் பாரத்தோடு ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. நாள்தோறும் ஏற்றி ஓடும் வாகனத்துக்கு, ஒழுங்காகத் தயாரிக்கப்பட்ட, முழுமையான கனரக ஸ்பிரிங் தொகுதியை மாற்றுவதே உத்தமம். செலவு கூடினாலும் தகடுகள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கும். ஸ்பிரிங்கை அச்சோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டுகளையும் புதிதாகவே போட்டு, சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடி இறுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் சந்தைக்கும், மற்ற நாட்களில் பிள்ளைகளைப் பாடசாலைக்கும் கொண்டுபோகும் கெப்புக்கு அது பொருந்தாது; வெறுமையாக ஓடும்போது பின் சக்கரங்கள் குன்று குழியில் துள்ளி, மழைக்காலத்தில் பிடியை இழக்கும். அப்படிப்பட்ட வாகனத்துக்கு, சிறிய லொறிகளில் முக்கிய ஸ்பிரிங்கின் மேலே தனியாக இருக்கும் துணை ஸ்பிரிங்கைப் போல, பாரம் ஏறிய பின்னரே வேலைக்கு வரும் ஏற்பாடுதான் ஏற்றது. அச்சு செசியில் மோதாமல் தடுக்கும் ரப்பர் முட்டு இருக்கும் இடத்தில் பூட்டப்படும் தடித்த, உள்ளீடற்ற ரப்பர் முட்டுகளும் அதே வேலையைச் செய்யும். காற்றடிக்கவோ கவனிக்கவோ தேவையில்லை.

காற்றுப் பைகளைப் பற்றி இளைஞர்கள் அதிகம் கேட்கிறார்கள். பாரத்துக்கு ஏற்பக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பது அவற்றின் சிறப்பு. ஆனால் எங்கள் வீதிகளில் அவற்றைப் பூட்டுகிறவர் ஒன்றைக் கட்டாயம் கேட்டு அறிய வேண்டும்: இரண்டு பைகளுக்கும் தனித்தனிக் குழாயா, அல்லது ஒரே குழாயா? ஒரே குழாயில் இணைத்தால், ரம்பொடைப் பக்கம் இருப்பது போன்ற கொண்டை ஊசி வளைவுகளில், பாரம் சாயும் பக்கத்துப் பையிலிருந்து காற்று மறுபக்கத்துக்கு ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். வெறுமையாக ஓடும்போதும் தயாரிப்பாளர் குறிப்பிட்ட குறைந்தபட்சக் காற்று உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பை மடிந்து கிழியும். மேலும், தகட்டு ஸ்பிரிங் பாரத்தைத் தன் இரு நுனிகளாலும் செசியில் பிரித்துக் கொடுக்கிறது. காற்றுப் பையோ அச்சுக்கு மேலே ஒரே இடத்தில் முட்டுகிறது. கொக்கியில் அளவுக்கு மீறிய பாரத்தோடு பள்ளத்தில் விழுந்து எழும்போது செசி அந்த இடத்தில் வளைந்துபோன டபுள் கெப் வாகனங்கள் அவுஸ்திரேலியாவில் பல உண்டு.

சொக் அப்சோபர்களை மாற்றினால் பின்பக்கம் உயரும் என்று நம்பிப் பணத்தை விடுகிறவர்களுக்கு ஒரு வரி: சாதாரண சொக் அப்சோபர் துள்ளலை அடக்கும், பாரத்தைச் சுமக்காது. கொக்கிப் பாரத்தின் ஒரு பங்கை முன் அச்சுக்கே திருப்பி அனுப்பும் கம்பிகளோடு கூடிய விசேட கொக்கிகள் வெளிநாடுகளில் உண்டு. மலையகத்தில் அதை மாட்டிய வாகனத்தை நான் இதுவரை கண்டதில்லை.

கடைசியில் எங்கள் கெப்பில் செய்ததைச் சொல்கிறேன். சேர்த்த தகடுகளைக் கழற்றிவிட்டு, வெடித்திருந்த ஒரு பழைய தகட்டையும் புஷ்களையும் மாற்றி, ரப்பர் முட்டுகளைப் பூட்டினோம். வால்வுக் கம்பியைச் சரிசெய்தோம். ட்ரெயிலரில் கரட் மூட்டைகளை அச்சுக்கு மேலே நெருக்கி அடுக்கி, கொக்கிப் பாரத்தை 200 கிலோவிலிருந்து 110 கிலோவுக்குக் கொண்டுவந்தோம். ட்ரெயிலரின் மொத்த நிறையை 900 கிலோவோடு நிறுத்தினோம். ட்ரெயிலரை மாட்ட முன்னரும் பின்னரும் நான்கு மட்கார்டுகளின் உயரத்தையும் அளவு நாடாவால் அளந்து எழுதிக்கொண்டோம். முன்பு 4 சென்றிமீற்றர் எழும்பிய முன்பக்கம் இப்போது 1 சென்றிமீற்றர்தான் எழும்புகிறது. பின்பக்கம் சற்று அமுங்கித்தான் நிற்கிறது. மருமகனுக்கு அது இன்னும் மனக்குறைதான். ட்ரெயிலருக்கென்று தனி பிரேக் பூட்டுவது அடுத்த வேலை. பிரேக் இல்லாத ட்ரெயிலரின் முழுத் தள்ளலும் இறக்கத்தில் கெப்பின் மேலேயே வருகிறது.

இது சம்பந்தமாக உங்கள் பத்திரிகை மூலம் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். மரக்கறி லொறிகளும் கெப்புகளும் நாள்தோறும் வந்துபோகும் பொருளாதார மத்திய நிலையங்களில், ஒவ்வோர் அச்சின் நிறையையும் தனித்தனியாக அறிந்துகொள்ளும் வசதி, தண்டம் அறவிடுவதற்காக அன்றி விவசாயிகளும் சாரதிகளும் தாமாகவே பயன்படுத்துவதற்காக, சிறு கட்டணத்தில் கிடைக்கச் செய்ய வேண்டும். ஸ்பிரிங் வேலை செய்யும் கராஜ்காரர்கள், பூட்டியது என்ன, பின்பக்கம் எத்தனை சென்றிமீற்றர் உயர்ந்தது, பிரேக் வால்வுக் கம்பி சரிபார்க்கப்பட்டதா என்ற மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட லொறிச் சாரதி,
கந்தப்பளை.