புலிக்கு 18 நகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த மலாயாப் புலி கட்டுரையைப் படித்தேன். 1950களில் நம் மலேசியாவில் சுமார் 3,000 இருந்ததாகச் சொல்லப்படும் புலிகள் இன்று 150க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பை வைத்து எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரை. ஆனால் ஒரு இடம் உறுத்தியது. புலி ஏன் அழிகிறது என்ற கேள்விக்குச் சீன மருந்துச் சந்தை, வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் என்று இரண்டு பதிலோடு நிறுத்திவிட்டீர்கள். படிக்கிறவர்களுக்கு, சரி, யாரோ செய்கிற பாவம், நமக்கு இதில் பங்கில்லை என்று ஒரு நிம்மதி வந்திருக்கும். அந்த நிம்மதியைக் கொஞ்சம் கெடுக்கத்தான் எழுதுகிறேன்.

நான் லோரி ஓட்டிப் பிழைத்தவன். கேமரன் மலைக் காய்கறியை ஏற்றிக்கொண்டு லோஜிங் வழியாகக் கிளந்தான் மாநிலத்துக் குவா மூசாங் இறங்கி, அங்கிருந்து கோத்தா பாரு வரை போவது பல வருஷம் என் வேலை. அந்தப் பாதை போட்ட புதிதில் இரண்டு பக்கமும் காடு சாலைமீது சாய்ந்துகொண்டு நிற்கும். அப்புறம் மலைச்சரிவில் சிவப்பு மண் தெரிய ஆரம்பித்தது. அதன்மேல் காய்கறித் தோட்டத்தின் பிளாஸ்டிக் கூரைகள். கீழே இறங்கினால் ஒரே வயது ரப்பர் மரங்கள், வரிசை பிடித்து. பகாங் பக்கம் ரவுப்பில் மூசாங் கிங் என்ற டுரியான் பழ வகைக்குச் சீனாவில் விலை ஏறியதும் அங்கே காடு என்ன ஆனது என்பதை உங்கள் நிருபர்களே எழுதியிருக்கிறார்கள். வரைபடத்தைப் பார்த்தால் வன ரிசர்வ் என்று பச்சையாகத்தான் இருக்கும். ரிசர்வ் நிலத்துக்குள்ளேயே மரத் தோட்டம் போட இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நிலமும் காடும் அரசியல் சட்டப்படி மாநிலத்தின் கையில் இருக்கின்றன. மரம் வெட்ட உரிமம் கொடுத்தால் மாநிலத்துக்கு வருமானம், புலியை வைத்திருந்தால் என்ன வரும்? காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுக்கும் திட்டமே 2019இல்தான் தொடங்கியது. அதுவரை கோலாலம்பூரில் எத்தனை மாநாடு போட்டாலும் மரம் விழும் இடம் வேறாக இருந்தது.

2008இல் ஒரு தேசியப் புலித் திட்டம் போட்டார்கள். 2020க்குள் காட்டில் ஆயிரம் புலி என்பது குறிக்கோள். 2020இல் நம் கையில் மிஞ்சிய எண்ணிக்கையை மேலே சொல்லிவிட்டேன். இடையில், 2015இல், மலாயாப் புலியை மிக ஆபத்தான அழிவு நிலையில் உள்ளது என்று உலகப் பட்டியலில் ஏற்றினார்கள். நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலி நிற்கிறது, தேசியக் காற்பந்துக் குழுவுக்கு ஹரிமாவ் மலாயா, அதாவது மலாயாப் புலி என்று பெயர். குழு தோற்றால் ஒரு வாரம் பேசுவோம்.

உங்கள் கட்டுரை கண்ணியைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டது. அதைக் கொஞ்சம் விளக்கியிருக்கலாம். இரும்பு வடம் என்ன செய்யும் என்று லோரிக்காரனுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளின் பிரேக் கேபிள் மாதிரியான கம்பி போதும். ஒரு நுனியில் சுருக்கு, மறு நுனி மரத்தில். இளமரம் ஒன்றை வளைத்து அதோடு கட்டி, மிருகம் நடக்கும் தடத்தில் இலைக்கடியில் வைத்துவிடுவார்கள். கால் பட்டதும் மரம் நிமிரும், சுருக்கு இறுகும். மிருகம் இழுக்க இழுக்கக் கம்பி தோலைத் தாண்டி எலும்புக்குப் போய்விடும். வைத்தவன் ஒரு வாரம் கழித்து வந்து பார்ப்பான், வராமலும் போவான். வந்த மிருகம் மானா, பன்றியா, தாப்பிரா, யானைக் குட்டியா என்று கம்பிக்குத் தெரியாது. சட்டம் கண்ணியைத் தடை செய்திருக்கிறது. ஆனால் ஒருவன் ஒரு மூட்டைக் கம்பியோடு காட்டுக்குள் போனால் நூறு துப்பாக்கிக்காரன் செய்கிற வேலையைச் சத்தமில்லாமல் முடித்துவிடுகிறான். பேராக் மாநிலத்துப் பெலும்–தெமெங்கோர் காட்டில் ஜஹாய் இனத்துப் பூர்வகுடி ஆட்கள் இப்போது காவல் நடை போகிறார்கள். 2019 முதல் போலீசும் வனவிலங்கு இலாகாவும் சேர்ந்து சோதனை நடத்துகின்றன. இவர்கள் இல்லையென்றால் 150கூட இருக்காது என்பது என் எண்ணம்.

அப்புறம் தீனி. சாம்பார் மான் குறைந்து போனதால் புலி காட்டுப் பன்றியை நம்பி இருந்தது. 2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் நாட்டுக்குள் வந்தது. பண்ணைப் பன்றியைப் பற்றிச் செய்தி வந்ததே தவிர, காட்டுக்குள் செத்த பன்றிகளைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. பசித்த புலி கம்பத்து (கிராமத்து) ஓரம் வருகிறது, மாட்டையும் நாயையும் பிடிக்கிறது. நாயிடமிருந்து நோய் வாங்கிக்கொண்டும் போகிறது. 2019இல் திரெங்கானுவில் ஆள் பயமில்லாமல் கம்பத்துக்குள் வந்த அவாங் பெசுல் என்ற புலியை நினைவிருக்கிறதா? துணிந்த புலி என்று நினைத்தோம். பிடித்துக்கொண்டு போன பிறகு நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயில் அது செத்தது. மூளையைத் தாக்கும் நோய் அது. 2023இல் குவா மூசாங் பக்கம் புலி அடித்து ஆட்கள் இறந்தபோது, சுட்டுத் தள்ள வேண்டியதுதானே என்று காப்பிக் கடையில் பேசியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். விடிவதற்கு முன் ரப்பர் பால் வெட்டப் போகிற குடும்பத்தில் பிறந்தவன் நான். அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே புலி வந்த காரணமும் தெரியவேண்டும்.

காண்டாமிருகம் விஷயத்தில் என்ன நடந்தது என்பதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போட்டிருக்கலாம். சபாவில் டாம் என்ற ஆண் 2019 மே மாதம் இறந்தது. இமான் என்ற பெண் நவம்பரில் இறந்தது. அத்தோடு மலேசியாவில் சுமத்திராக் காண்டாமிருகம் முடிந்தது. எல்லாவற்றையும் வேட்டைக்காரன் கொல்லவில்லை. எண்ணிக்கை குறைந்து ஒன்றை ஒன்று சந்திக்க முடியாத நிலை வந்தபோது, நீண்ட நாள் இணை சேராத பெண்களுக்குக் கருப்பையில் கட்டிகள் வந்துவிட்டன. பிடித்து வைத்துக் காப்பாற்றப் பார்த்தபோது காலம் கடந்திருந்தது.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மருந்துக்காகப் போகும் புலி எலும்புதான் பெரிய வியாபாரம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு மண்டபத்தில் காதுகுத்து விசேஷத்துக்குப் போயிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு ஒரு டாலரைக் காட்டினார். இரண்டு நகங்கள், அடிப்பாகம் ஒட்ட, நுனி வெளியே வளைய, தங்கப் பூண் போட்டுச் சேர்த்திருந்தது. நகம் மங்கலான மஞ்சள், ஓரத்தில் செதில் செதிலாக உரிந்திருந்தது. “ஒரிஜினல் அங்கிள், கண் திருஷ்டிக்கு” என்றார். உண்மையா போலியா என்று என்னால் சொல்ல முடியாது. மாட்டுக் கொம்பிலும் பிளாஸ்டிக்கிலும் செய்து விற்கிறார்கள், கரடி நகத்தையும் புலி நகம் என்று தள்ளிவிடுகிறார்கள். ஆனால் அந்த மேசையில் இருந்த நான்கு பேரும் கேட்ட முதல் கேள்வி, “எங்கே கிடைக்கும்?”

புலிக்கு முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு, ஆக 18 நகம். டாலருக்கு இரண்டு என்றால் ஒன்பது பேர் கழுத்துக்கு ஒரு புலி. பிள்ளைகளுக்குப் புலிப்பல் தாலி கட்டிய வழக்கம் நமக்குச் சங்க காலத்திலிருந்தே உண்டு, மறுக்கவில்லை. அன்றைக்குக் காடு நிறையப் புலி இருந்தது. தோட்டத்துக் காலத்தில்கூட, துரை சுட்ட புலியின் நகத்தை வாங்கி வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. இன்றைக்குப் புதிதாக ஒரு நகம் கடைக்கு வந்தால் அது அந்த 150க்குள் இருந்துதான் வந்திருக்கவேண்டும், இல்லையென்றால் பக்கத்து நாட்டிலிருந்து கடத்தி வந்திருக்கவேண்டும். போலியைப் போட்டுக்கொண்டு திரிகிறவரும் அந்த ஆசையைத்தான் ஊருக்கு விளம்பரம் செய்கிறார்.

சட்டமும் விளையாட்டல்ல. 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் திருத்திய பிறகு அபராதம் 10 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை, சிறை 15 ஆண்டு வரை போகலாம். புலியின் உடம்பில் எந்தப் பாகத்தை அனுமதியில்லாமல் வைத்திருந்தாலும் குற்றம். 2023 அக்டோபரில் பெங்களூரில் பிக் பாஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் போட்டியாளர் ஒருவர் புலி நக டாலரோடு திரையில் தெரிந்ததற்காக வனத்துறை அந்த நிகழ்ச்சி வீட்டுக்கே போய் அவரைக் கைது செய்தது. அதன் பிறகு, வீட்டில் இப்படிப்பட்ட பொருள்களை வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க அவகாசம் தருவதாகக் கர்நாடக அரசு அறிவித்தது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவது, ஜோதிடக் கேள்வி பதில் பகுதிகளில் தோஷத்துக்குப் பரிகாரமாகப் புலி நகம் அணியச் சொல்லி வரும் வரிகளை ஆசிரியர் குழு வெட்டிவிடவேண்டும். பரிகாரத்துக்கு நெய் விளக்கு இருக்கிறது, அன்னதானம் இருக்கிறது, ஜோதிடர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

இரண்டாவதுதான் முக்கியம். தாத்தா காலத்து நகத்தைப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடம் கொஞ்சநஞ்சமல்ல. விற்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் பயம், கொண்டுபோய்க் கொடுத்தால் கையில் விலங்கு மாட்டுவார்களோ என்று அதைவிடப் பயம். எங்கள் சொந்தத்திலேயே ஒரு அக்காள் இப்படித்தான் தவித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் நிருபரை வனவிலங்கு இலாகாவுக்கு அனுப்பி, தானாக வந்து ஒப்படைப்பவர்மீது வழக்கு வருமா, எந்த அலுவலகத்தில் கொடுக்கவேண்டும், தங்கப் பூணைக் கழற்றிக்கொண்டு கொடுக்கலாமா என்று கேட்டுத் தமிழில் போடுங்கள். பூணைப் பற்றிய கேள்வி சின்னது மாதிரி தெரியும், ஆனால் அக்காள் முதலில் கேட்டது அதைத்தான். பதில் வந்த பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு நானே அவரைக் கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர்,
ஈப்போ.