தம்பிக்கு, மரியாஸ்ரைன் போய் வந்து எழுதுறது

தம்பி,

போன் எடுக்கேல்லை எண்ட கோவத்தில எழுதுறன் எண்டு நினைக்காத. வேலையா இருப்பாய், எனக்கு விளங்குது. ஞாயிற்றுக்கிழமை மரியாஸ்ரைன் மாதா கோயிலுக்குப் போனனான், அதைச் சொல்லத்தான் எழுதுறன். வொய்ஸ் போட்டால் நீ கேக்கிறேல்லை, நான் கதைக்கத் தொடங்கினால் மூச்சு விடமாட்டனாம் எண்டு அப்பாவும் பகிடி, அதால எழுத்தாவே கிடக்கட்டும், ஆறுதலா வாசி. நேரத்துக்குச் சாப்பிடுறியோ?

தனியாத்தான் போனனான். அப்பாவுக்கு முழங்கால் திரும்பவும் வீங்கிப் போச்சு, தங்கச்சிக்குச் சோதினை. பாசலில பத்தாம் நம்பர் ட்ராம் எடுத்து ஃப்ளூவில இறங்கினன். சின்னனில நீ ஃப்ளூ வந்தால் இறங்கமாட்டன் எண்டு கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிப்பாய், அடுத்த ஸ்டொப் லைமன் பிரான்ஸ், வெளிநாடு பாக்கோணுமெண்டு. உனக்கு அது விளையாட்டு, எங்களுக்கு அப்ப அசூல் கேஸ், அகதி கேஸ், முடியேல்லை, கண் அயந்து ஒரு ஸ்டொப் கூடப் போனால் என்ன கேப்பாங்களோ எண்டு வயித்தைக் கலக்கும், அப்பா முதல் ஸ்டொப் பெத்வில் தாண்டினவுடனயே எழும்பி நிண்டிடுவார்.

ஃப்ளூவில மஞ்சள் பஸ் நிண்டது, நான் ஏறேல்லை. நடந்து வாறன் எண்டு நேத்தி. என்ன நேத்தியெண்டு கேக்காத. மேல போக அரை மணித்தியாலம் எண்டு சொல்லுவினம், அது வெள்ளைக்காரரின்ர கால், நான் ரெண்டு இடத்தில குந்தி எழும்பிப் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல. காட்டுக்குள்ள நல்ல நிழல். பின்னால ஆற்றையோ போன் அடிக்க, என்ரயாக்குமெண்டு பையைக் கொட்டித் தேடினன், ஒரு சுவிஸ் மனிசி நிண்டு உதவியோ எண்டு கேட்டவ. ஒண்டுமில்லை எண்டிட்டன். எங்கட சனம் பெரிசா இல்லை, ஆவணியில தமிழாக்களின்ர திருநாளுக்குத்தானே அள்ளுகொள்ளையா வருவினம். சைவக்காரர் மாதாட்ட ஏன் போறியள் எண்டு தங்கச்சி கேக்கிறாள். அம்மம்மா ஊரில மடு மாதாவுக்கு நேத்தி வைச்சுப் போகேக்க ஆர் அப்பிடிக் கேட்டது?

கீழ குகைக்கு இறங்கிற அந்த 59 படியும் இறங்கினன், நீ எண்ணிக்கொண்டு இறங்குவாய். போற வழிச் சுவரெல்லாம் நன்றி சொல்லி ஒட்டின கல்லுகள், மெழுகு மணம், கைபிடிக் கம்பி பச்சைத் தண்ணி மாதிரிக் குளிருது. மாதாவுக்குப் புது உடுப்பு சாத்தியிருந்தவை, பிள்ளையைக் கையில வைச்சுக்கொண்டு சிரிச்சபடி நிக்கிறா. உன்ர பேருக்கு ஒரு பெரிய மெழுகுதிரி. தங்கச்சிக்குச் சின்னன்தான், சொல்லிப்போடாத.

அந்தக் கதை ஞாபகம் இருக்கோ, மாடு மேய்ச்ச தாய் மத்தியான வெய்யிலுக்கு குகைக்குள்ள ஒதுங்கிக் கண் அயர, பிள்ளை பாறையால விழுந்தது, தாய் விழுந்தடிச்சுக் கீழ ஓடிப்போய்ப் பாத்தால் அது ஒரு காயமுமில்லாமல் பூப் பிடுங்கிக்கொண்டு நிண்டது. எனக்குப் பக்கத்தில நிண்ட தமிழ்ப் பிள்ளை ஒண்டு தன்ர மகளுக்குச் சொல்லுறா, அம்மா நித்திரை கொண்டபடியாத்தான் விழுந்ததாம். எனக்குச் சுருக்கெண்டது. விடியத் தொடக்கம் மாட்டுக்குப் பின்னால அலைஞ்சவள் எப்பிடி முழிச்சுக்கொண்டு இருக்கிறது? 1541 இல இதே பாறையால விழுந்து தப்பின பிரபு வளந்த ஆம்பிளை, அதுக்கும் ஒரு தாய் நித்திரை கொண்டதோ? வளந்த பிள்ளையள் விழுறது வேற. கூப்பிட்டால் தாய் வருவாள், கூப்பிடோணுமே.

மேல வந்து வாங்கில இருந்து பாண் சாப்பிட்டன். அப்பா வராட்டியும் அவற்ற கதை காதுக்குள்ள ஓடுது. 1648 இல வந்த சாமிமாரின்ர மடத்தை 1874 இல கன்ரோன் மூடினது, அவை பிரான்சில டெல், பிறகு ஒஸ்ரியாவில டூர்ன்பெர்க், பிறகு பிரேகன்ஸ், அங்கயும் 1941 இல நாசிகள் கலைக்க, தங்கட பழைய மடத்துக்கே அசூல் எண்டு வந்து இருந்தவை, 1971 இலதான் முறைப்படி திருப்பிக் குடுத்தது. சாமிமாருக்கே அசூல், நாங்கள் எம்மாத்திரம் எண்டு அப்பா சிரிப்பார். எனக்கு இந்த முறை வேறயொண்டு தோணினது, எங்க எங்க கலைபட்டாலும் எந்த ஊரில நிக்கிறம் எண்டு அவை ஆருக்காவது எழுதிக்கொண்டுதானே இருந்திருப்பினம்.

உன்ர டிப்ளோமப் படம் ஹோலில அப்பிடியே கிடக்கு, வாற சனமெல்லாம் பாத்திட்டுத்தான் இருக்கும். மாமி போன கிழமை கேட்டவ, சூரிச்சில நல்ல வேலைதானே எண்டு. ஓமெண்டன். ஓம்தானே?

கிரங்கன்காச, அந்த மருத்துவக் காப்புறுதிக் கடிதம் ரெண்டு எங்கட அட்ரஸுக்கு வந்து பிரிஜ்ஜுக்கு மேல கிடக்கு. நான் பிரிக்கேல்லை. வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தனான், மானுங் எண்டு இருக்குது, காசு கட்டேல்லையெண்டுதானே அது வாறது. நீ அட்ரஸ் மாத்தேல்லையோ, இல்லாட்டி அந்த வீட்டில இப்ப இல்லையோ? வேலையிடத்துக்கு எடுத்துக் கேப்பம் எண்டு அப்பா நிக்கிறார், நான்தான் மறிச்சு வைச்சிருக்கிறன், கனநாள் மறிக்கேலாது. காசெண்டால் என்ரயில இருக்கு, அப்பாவுக்குத் தெரியாத காசு. நேரத்துக்குச் சாப்பிடு.

அந்த ரெண்டு கடிதத்தையும் எந்த அட்ரஸுக்கு அனுப்புறது? அதை மட்டுமாவது எழுது, வேற ஒண்டும் எழுதாட்டியும் பரவாயில்லை.

அம்மா