பின்னை மாற்றுவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுட்டு முடித்த ஐந்து தோட்டாக் கூடுகளில் மூன்றில், அடியிலுள்ள பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் குட்டி உலோகக் கிண்ணம்) ஃபயரிங் பின் என்ற ஊசி குத்திய பள்ளத்தின் நடுவே பொடி ஓட்டை, சுற்றிலும் கரி. பின் தேய்ந்துவிட்டது, புதிது போட்டால் சரியாகும் என்கிறாய். சரியாகும், கொஞ்ச நாளைக்கு.

ரைஃபிளைக் காலி செய்து, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கழற்று. பின்னின் முனையை லென்ஸ் வைத்துப் பார். உருண்டையாக, வழவழவென்று இருக்க வேண்டும். அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் தெரிந்தால் அது தேய்மானம் இல்லை. பிரைமர் ஓட்டை வழியாகப் பின்னால் பீறிட்ட சூடான வாயு எஃகை அரித்த தடம். அரித்த முனை அடுத்த பிரைமரையும் கிழிக்கும். அந்த ஓட்டை முனையை இன்னும் அரிக்கும். அதனால் பின்னை மாற்றத்தான் வேண்டும். ஆனால் முதல் ஓட்டை எப்படி விழுந்தது?

நான் ஒரே வருஷத்தில் இரண்டு பின் மாற்றி, விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது. தோட்டாக்களை நானே நிரப்புவேன்; குளிர்காலத்தில் சுட்டுப் பார்த்து முடிவு செய்த வெடிமருந்து அளவை அப்படியே கோடையிலும் போட்டேன். வெயிலில் அழுத்தம் ஏறியிருக்கிறது. போல்ட்டைத் தூக்கும்போது இறுகியதை நான் அழுக்கு என்று நினைத்தேன்! உனக்கும் அப்படி இறுகுகிறதா? கூட்டின் அடியில், அதை வெளியே தள்ளும் எஜெக்டர் பதிந்த பளபளப்பான தடம் இருக்கிறதா? இருந்தால் அந்தத் தோட்டாக்களை ஒதுக்கி வை.

அதெல்லாம் இல்லையென்றால் பிரைமர் டப்பாவைப் பார். சிறிய ரைஃபிள் பிரைமர்களில் சிலவற்றின் கிண்ணம் மெலிசு. அவை .22 ஹார்னெட் போன்ற அழுத்தம் குறைந்த தோட்டாக்களுக்கானவை. நீ சுடும் .223 ரெமிங்டனின் உச்ச வரம்பு 55,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்). அதற்கு அந்த மெல்லிய கிண்ணம் தாங்காது.

அப்புறம், பின்னின் முனை போல்ட் முகத்திலிருந்து எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் அளக்கச் சொல். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றும் ஏஆர்-15 ரைஃபிளுக்கு 0.028 முதல் 0.036 அங்குலம். உன்னுடையது போல்ட்டைக் கையால் இழுத்து மூடும் ரைஃபிள், அளவு வேறு. தயாரிப்பாளர் சொன்னதை எடுத்துக்கொள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும், போல்ட் முகத்துத் துளை பின்னுக்கு லூசாக இருந்தாலும் பிரைமர் அந்தத் துளைக்குள் பிதுங்கி, வட்டமாக வெட்டுப்படும்.

முனையை உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். பின் குட்டையாகி வெடிக்காமல் போகும்.

எனக்குப் பயம் வேறு ஒன்றில்தான். வெட்டுப்பட்ட அந்தக் குட்டி வட்டத் தகடு போல்ட்டுக்குள் விழுந்திருக்கலாம். அது பின்னைத் தடுத்தால் தோட்டா வெடிக்காது, அவ்வளவுதான். பின்னை நீட்டிய நிலையில் சிக்கவைத்தால், போல்ட்டை மூடும்போதே வெடித்துவிடும். போல்ட்டை முழுசாகப் பிரித்து, பின் ஓடும் குழாயைத் துடைத்து, வெள்ளைத் துணியில் தட்டிப் பார். அதுவரை ஒரு தோட்டாகூடச் சுடாதே. கண்ணைக் காக்கும் கண்ணாடி போடாமல் எப்போதுமே சுடாதே.

மூன்று ஓட்டைக்கும் மூன்று தகடு கிடைக்கும் என்றில்லை. துணியில் என்ன விழுந்தது என்று படம் எடுத்து அனுப்பு.

அப்பா