அந்தப் பட்டியலை மூடி வை

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. மேஜர் வீடு மாற்றிவிட்டார், அதட்டல் மட்டும் மாறவில்லை. மற்ற கதையெல்லாம் அப்புறம். உன் மகள் ஆங்கிலப் பாடத்துக்காக அழுதாள் என்று எழுதியிருந்தாயே, அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

300 ஃபிரேசல் வெர்ப்களை, அதாவது வினையோடு சிறு சொல் ஒட்டிவரும் ஆங்கிலத் தொடர்களை, அகரவரிசையில் மனப்பாடம் செய்யச் சொன்னால் யாருக்குத்தான் அழுகை வராது? ‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திப்போடுவது, ‘புட் அவுட்’ என்றால் தீயை அணைப்பது, ‘புட் அப் வித்’ என்றால் சகித்துக்கொள்வது. அடுத்தடுத்துப் படித்தால் ‘புட்’ மட்டும் மனதில் நிற்கும், மற்றதெல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அவளுக்கு ஞாபகசக்தி குறைவு என்று மட்டும் சொல்லிவிடாதே. வினையோடு ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு பொருளையே மாற்றிவிடும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டாருக்குப் பெரும் சிரமம் தருகிறது என்று சாமுவேல் ஜான்சனே 1755-இல் தன் அகராதியின் முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

அவளிடம் நம் ‘தட்டு’வைக் காட்டு. அநியாயத்தைத் தட்டிக்கேட்கிறோம், வேலையைத் தட்டிக்கழிக்கிறோம், பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிறோம், பரிசைத் தட்டிச்செல்கிறோம். இதையெல்லாம் பட்டியல் போட்டா கற்றோம்? நம்ம கவிஞர் உன்னை வாத்தியாரிடம் போட்டுக்கொடுத்தாரே, அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு உனக்கு அகராதி தேவைப்பட்டதா என்ன! ஆங்கிலக் குழந்தைகளும் இப்படித்தான் பேச்சிலிருந்து பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒட்டும் சொல்லிலும் ஓரளவு ஒழுங்கு உண்டு. ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ இரண்டிலும் ‘அப்’ வந்ததும், மிச்சம் வைக்காமல் முடித்துவிட்டோம் என்ற பொருள் சேர்கிறது. நாம் தின்று தீர்த்தான், செலவழித்துத் தீர்த்தான் என்கிறோமே, அந்த மாதிரி. ஆனால் எல்லா ‘அப்’புக்கும் இது பொருந்தாது. ‘லுக் அப் டு’ என்றால் ஒருவரை மதித்துப் போற்றுவது. அதைத் தனியாகத்தான் பழக வேண்டும்.

பட்டியல் சொல்லித்தராத இன்னொன்று, சொற்கள் நிற்கும் இடம். வந்த வாய்ப்பை மறுத்தேன் என்பதை ‘டர்ன்ட் டவுன் தி ஆஃபர்’ என்றும் சொல்லலாம், ‘டர்ன்ட் தி ஆஃபர் டவுன்’ என்றும் சொல்லலாம். ‘இட்’ வந்தால் மட்டும் ‘டர்ன்ட் இட் டவுன்’ ஒன்றுதான் சரி, ‘இட்’ நடுவில்தான் நிற்கும். ‘லுக் ஆஃப்டர்’ அப்படிப் பிரியவே பிரியாது, ‘லுக் ஆஃப்டர் ஹெர்’தான். பொருளை மட்டும் உருப்போட்ட பிள்ளை வாக்கியம் எழுதும்போது தடுமாறுவது இங்கேதான்.

இதெல்லாம் கொச்சை, கட்டுரையில் வரக்கூடாது என்று அவளிடம் சொன்னார்களாமே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ‘போஸ்ட்போன்’ எழுத்துக்கு ஏற்றது, ‘புட் ஆஃப்’ பேச்சில் இயல்பு, அவ்வளவுதான் வித்தியாசம். ‘கேரி அவுட்’ ஆராய்ச்சிக் கட்டுரைகளிலேயே தாராளமாக வருகிறது.

செல்வி, எனக்கு மதிப்பெண் கவலை இல்லை. தனக்கு ஆங்கிலம் வராது என்று இந்த வயதிலேயே முடிவுகட்டிவிட்டால், தெரிந்ததைக்கூடப் பேச வாய் திறக்க மாட்டாள். அதுதான் எனக்குப் பயம். அவளுக்குப் பிடித்த கதை ஏதாவது படிக்கட்டும். கண்ணில் படும் ஃபிரேசல் வெர்பை முழு வாக்கியத்தோடு நோட்டில் எழுதி, கீழே தன்னைப் பற்றியே ஒரு வாக்கியம் எழுதட்டும். காலையில் கண் விழிப்பது ‘வேக் அப்’, படுக்கையை விட்டு எழுவது ‘கெட் அப்’. இரண்டுக்கும் நடுவே அவள் எவ்வளவு நேரம் புரண்டுகொண்டிருக்கிறாள் என்று எழுதினாலே போதும், இரண்டும் மறக்காது.

எழுதியதை எனக்கு அனுப்பச் சொல். சிவப்பு மையால் திருத்த மாட்டேன், பதில்தான் எழுதுவேன். தேர்வு எப்போது என்பதையும் எழுது.

அன்புடன்,
வசந்தா