ஆண்டறிக்கை 2024–25: எடையும் மூச்சும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்களில் ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரோடு எடை மெஷினும் இஞ்ச் டேப்பும் சேர்ந்தன. மூச்சிரைப்புக்கு வந்தவரை ஏன் எடை பார்க்கிறீர்கள் என்று பலரும் கேட்டார்கள். அதற்கே இந்த அறிக்கையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் கூட்டத்தில் மெஷினை ஜமுக்காளத்தின் மேல் வைத்ததால் எடை தவறாகக் காட்டியது. அன்றைய பதிவுகளை அடித்துவிட்டோம். வீட்டில் பார்ப்பவர்கள் சிமெண்டுத் தரையில், காலை வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்தபின் பாருங்கள். எடை உயரத்துக்கு ஏற்றதா என்று சொல்லும் எண் பி.எம்.ஐ. (உடல் நிறை குறியீட்டெண்). கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும்; 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 2.56ஆல் வகுக்க வேண்டும். நம் நாட்டவருக்கு 23ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25 முதல் உடல்பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். இடுப்பைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். தொப்பை, நுரையீரலுக்குக் கீழே மூச்சை இயக்கும் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நுரையீரலின் அடிப்பகுதியில் உள்ள சிறு காற்றுக்குழாய்கள் மூச்சு விடும்போதே மூடிக்கொள்கின்றன. படுத்தால் இன்னும் மோசம். உடல்பருமனோடு ஆஸ்துமா உள்ள 80 கிலோக்காரர் 4 முதல் 8 கிலோ குறைத்தாலே இழுப்பு கட்டுக்குள் வர வாய்ப்பு உண்டு.

எடை போடும் என்று பயந்து இன்ஹேலரை நிறுத்துவது பெருந்தவறு. நாள்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைதான் பசியைக் கூட்டி எடையை ஏற்றும். இன்ஹேலரில் அந்த ஸ்டீராய்டு மருந்தின் அளவு மிகக் குறைவு, அதுவும் நேரே நுரையீரலுக்குப் போகிறது. அதை நிறுத்தினால் இழுப்பு முற்றி, கடைசியில் அந்த மாத்திரையிலேயே போய் நிற்கும்.

ஏற்காடு மலையூர்களில் நிலைமை வேறு. பல காலம் விறகடுப்புப் புகையில் சமைத்தவர்களுக்கு வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், உடல் மெலிவதுதான் ஆபத்து. மூச்சு விடவே உடல் கூடுதல் சக்தியைச் செலவழிக்கிறது. தசை கரைய, உதரவிதானமும் பலம் இழக்கிறது. இவர்களுக்கு பி.எம்.ஐ. 21க்குக் கீழே போகக் கூடாது. வயிறு நிறையச் சாப்பிட்டால் மூச்சு முட்டும் என்பதால், ராகிக் கூழ், முட்டை, வேர்க்கடலை என ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் எடை இழப்பும் சேர்ந்தால் சளிப் பரிசோதனை கட்டாயம். காசநோய் என்று தெரிந்தால், சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கான அரசு உதவி மாதம் 1,000 ரூபாய். 2024 நவம்பர் வரை அது 500 ஆக இருந்தது.

பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்த குழந்தைகளின் அங்கன்வாடி எடை அட்டையைத் தாய்மார்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நுரையீரல் இருபது வயதைத் தாண்டியும் வளரக்கூடியது. சிறிய தொடக்கம் பிற்கால மூச்சுத் திறனைப் பாதிக்கலாம்.

வரும் ஆண்டு கொலுசுப் பட்டறைகளிலும் எடை பார்க்க உறுப்பினர்களின் ஒப்புதலைக் கோருகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்