சின்ன விமானங்களிலும் குரல் பதிவாகட்டும்

சிறு விமானம் வைத்திருப்பவர்களுக்கும், ஃப்ளையிங் கிளப் பொறுப்பாளர்களுக்கும், என் சக பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

நான்கு பேர் உட்காரும் ஒற்றை இன்ஜின் விமானம் ஒன்று விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விசாரிக்க வருபவர்களுக்கு என்ன கிடைக்கும்? நொறுங்கிய பாகங்கள், விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசிய ரேடியோ பதிவு, அதிர்ஷ்டம் இருந்தால் ரேடாரிலோ டேப்லெட்டிலோ பதிவான பாதை. விமானம் எந்த வழியாகப் போனது என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஓட்டியவர் எதைக் கவனித்தார், எதைத் தவறவிட்டார், பக்கத்து இருக்கையில் இருந்தவர் என்ன சொன்னார், இன்ஜின் எப்போது தடுமாற ஆரம்பித்தது என்பதெல்லாம் விமானத்தில் இருந்தவர்களோடு போய்விடும். இதைத் தெரிந்துகொள்ளத்தான் பெரிய விமானங்களில் காக்பிட் (விமானிகள் உட்காரும் அறை) குரல் பதிவுக் கருவி இருக்கிறது. நம்மிடம் அதை யாரும் கேட்பதில்லை. அமெரிக்க விதிப்படி, தனியார் பறப்பில் இந்தக் கருவி கட்டாயமாக வேண்டுமென்றால் விமானத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட டர்பைன் இன்ஜின்கள் இருக்க வேண்டும், பயணிகளுக்கு ஆறு இருக்கையாவது இருக்க வேண்டும், இரண்டு விமானிகள் தேவைப்படும் ரகமாகவும் இருக்க வேண்டும். ஒற்றை பிஸ்டன் இன்ஜினோடு பறக்கிற நாம் அந்தக் கணக்கிலேயே வரமாட்டோம்.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல், ஒவ்வொரு பறப்பிலும் காக்பிட் ஒலியை நாமாகவே பதிவு செய்ய ஆரம்பிக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

இந்தக் கருவி பிறந்த கதையை நம்மில் பலர் அறிவோம். டேவிட் வாரன் ஆஸ்திரேலியர். 1934-இல் ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவே உள்ள பாஸ் நீரிணைக்கு மேலே பறந்த விமானம் விபத்துக்குள்ளானதில் அவருடைய அப்பா இறந்துபோனார். அப்போது இவர் சிறுவன். பின்னாளில் மெல்போர்னில் விமான ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தபோது, காமெட் ஜெட் விமானங்கள் ஏன் விழுகின்றன என்ற கேள்வி அவர் முன்னால் வந்தது. கண்காட்சி ஒன்றில் பார்த்த குட்டி ஒலிப்பதிவுக் கருவி நினைவுக்கு வந்து, அப்படி ஒன்று காக்பிட்டில் இருந்திருந்தால் என்று யோசித்தார். எஃகுக் கம்பியில் நான்கு மணி நேரப் பேச்சைப் பதிவு செய்யும் மாதிரியைச் செய்தும் காட்டினார். அவருடைய சொந்த நாட்டில் அதற்கு வரவேற்பு இல்லை. ஒட்டுக்கேட்க ஆள் வைத்துக்கொண்டு பறக்க மாட்டோம் என்று விமானிகள் தரப்பு எதிர்த்தது. 1960 ஜூனில் குயின்ஸ்லாந்தின் மக்காய் அருகே ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப் விமானம் கடலில் விழுந்து 29 பேர் இறந்தார்கள். காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாத அந்த விசாரணைக்குப் பிறகுதான் ஆஸ்திரேலியா குரல் பதிவைக் கட்டாயமாக்கியது. அன்று அந்த விமானிகளுக்கு இருந்த பயம் இன்று நம் கிளப்புகளிலும் இருக்கிறது. அது நியாயமான பயம்தான், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், அந்தப் பதிவுகள் என்ன செய்திருக்கின்றன என்று பாருங்கள். 1974-இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் தரையிறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதைக்கு முன்பே மோதியது. இறங்குகிற நேரத்தில் விமானிகள் சம்பந்தமில்லாத பேச்சில் இருந்தது குரல் பதிவில் தெரிந்தது. 10,000 அடிக்குக் கீழே பறப்புக்குச் சம்பந்தமில்லாமல் பேசக்கூடாது என்று 1981-இல் வந்த விதிக்கு இந்த மாதிரி விபத்துகளே காரணம். 1978 டிசம்பரில் போர்ட்லண்டில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, சக்கரக் கோளாறைச் சரிபார்த்தபடி வட்டமடித்து வட்டமடித்து எரிபொருள் தீர்ந்தே விழுந்தது. எரிபொருள் குறைகிறது என்பது காக்பிட்டில் பேசப்பட்டது; ஆனால் கேப்டனின் கவனத்தைத் திருப்பும் அழுத்தத்தோடு யாரும் சொல்லவில்லை. விமானிகள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேச வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்ற பயிற்சி உலகம் முழுக்கப் பரவியதில் அந்த விபத்துக்குப் பெரிய பங்குண்டு. காலியான டாங்கியை மட்டும் பார்த்திருந்தால் எரிபொருள் தீர்ந்தது என்று எழுதி ஃபைலை மூடியிருப்பார்கள்.

பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒன்றைச் சொல்கிறேன். 2020 ஜனவரி 26 அன்று கலிபோர்னியாவின் கலபாசஸ் மலைச்சரிவில் ஹெலிகாப்டர் மோதி, கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் இறந்தார்கள். அதில் குரல் பதிவும் இல்லை, பறப்புத் தரவுப் பதிவும் இல்லை. 4,000 அடிக்கு ஏறுகிறேன் என்று விமானி கட்டுப்பாட்டாளரிடம் சொன்னார். சொன்ன சற்று நேரத்தில் ஹெலிகாப்டர் இடப்பக்கம் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. மேகத்துக்குள் திசை உணர்வு தப்பிவிட்டது என்று விசாரணையாளர்களால் முடிவுக்கு வர முடிந்தது. திரும்பிப் போகலாம் என்று அவர் ஒரு கணமாவது நினைத்தாரா, பின்னால் இருந்தவர்களோடு ஏதாவது பேசினாரா என்பதைச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

சரி, நாம் பெரும்பாலும் தனியாகத்தானே பறக்கிறோம், யாரோடு பேசப்போகிறோம், எதைப் பதிவு செய்ய என்று கேட்பீர்கள். இந்த ஒரு கேள்விதான் பல கிளப்புகளில் பேச்சையே முடித்துவிடுகிறது. ஆனால் காக்பிட்டில் பேச்சைத் தவிரவும் நிறைய ஒலிகள் இருக்கின்றன. இரண்டு இறக்கை ப்ரொப்பெல்லர் (விமானத்தை இழுக்கும் சுழல்விசிறி) நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றினால், நொடிக்கு 40 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இறக்கைகள் கடப்பதால் 80 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 80 அதிர்வு உள்ள ஒலி எழும். நேரடியாக ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் நான்கு சிலிண்டர் இன்ஜினில் எரிபொருள் ஒவ்வொரு முறை எரியும்போதும் எழும் துடிப்பும் அதே 80 ஹெர்ட்ஸில்தான் விழும். சுற்று 1,800-க்கு இறங்கினால் ஒலி 60 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். பதிவைக் கணினியில் எந்த நேரத்தில் எந்த அதிர்வு என்று காட்டும் படமாகப் போட்டால் இந்தக் கோடு நிமிடத்துக்கு நிமிடம் எப்படி நகர்ந்தது என்று பார்க்கலாம். இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். மீட்டர் காட்டியதை எந்தத் தரவுக் கருவியும் இல்லாமல் ஒலியிலிருந்து திரும்ப எடுத்துவிடலாம். காற்றும் எரிபொருளும் கலக்கும் கார்புரேட்டரில் பனி கட்டும்போது, இறக்கைகளின் சாய்வு மாறாத ப்ரொப்பெல்லர் உள்ள விமானத்தில் சுற்று மெதுவாகத்தான் இறங்கும். ஓட்டுகிறவர் கவனிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, இன்ஜின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளிக்கொண்டே இருப்பார். தரையில் எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பனி உருகிப்போயிருக்கும், தடயமே இருக்காது. பதிவில் அந்தச் சரிவு இருக்கும். விமானத்தைத் தூக்கும் விசை குறையப்போகிறது என்று சொல்லும் ஸ்டால் எச்சரிக்கை எப்போது அலறியது, இறக்கையின் பின்விளிம்புப் பலகைகளை இறக்கும் ஃப்ளாப் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது, கதவு எப்போது திறந்துகொண்டு காற்று உள்ளே இரைந்தது என்பதும் இருக்கும்.

ஆனால் விமானத்துக்குள் ஹெட்செட் வழியே பேசிக்கொள்ளும் இன்டர்காமிலிருந்து மட்டும் பதிவு எடுத்தால் இது எதுவும் கிடைக்காது. யாராவது பேசினால்தான் இன்டர்காம் மைக் திறக்கும். பேசாத நேரத்தில் இன்ஜின் இரைச்சலை அது அடைத்துவிடும். அது அதன் வேலை. அதனால் இரண்டு வழி வேண்டும்: பேச்சுக்கும் ரேடியோவுக்கும் ஹெட்செட் வழி, இன்ஜினுக்கும் மற்ற சத்தங்களுக்கும் கேபினில் தனி மைக். ஹெட்செட்டுக்கும் பேனலுக்கும் இடையில் செருகும் இணைப்புக் கேபிள்கள் கடைகளில் கிடைக்கின்றன. அது இல்லையென்றால் சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக்கை ஹெட்செட்டின் காதுமூடிக்குள் செருகிவிட்டாலே பேச்சு தெளிவாக வரும். கேபின் மைக்காக ஃபோனை வைத்துப் பதிவு செய்யும்போது அதில் உள்ள இரைச்சல் நீக்கும் வசதியை மறக்காமல் நிறுத்திவிடுங்கள். நமக்கு வேண்டிய இன்ஜின் ஒலியை அது இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும். ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதியும் வேண்டாம். ஃபோனைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒயர் எதுவும் கண்ட்ரோலில் சிக்கக்கூடாது, கருவி உருண்டு பெடலுக்கு அடியில் போகக்கூடாது. விமானத்தில் நிரந்தரமாக எதையும் பொருத்துவதென்றால் அதற்கான அனுமதியோடு, உரிமம் உள்ள இன்ஜினியர் கையால்தான்.

அப்புறம், ஃபோன் விபத்தில் பிழைக்குமா என்பார்கள். பெரிய விமானத்தின் கருவிபோல அது கவசம் போட்டதில்லை, பெரிய தீயில் போய்விடலாம். ஆனாலும் உடைந்த ஃபோன், கேமரா, டேப்லெட் ஆகியவற்றின் நினைவுச் சில்லிலிருந்து தகவலை மீட்டெடுப்பது விபத்து ஆய்வுக்கூடங்களில் வாடிக்கையான வேலையாகிவிட்டது. ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இடமும் பிரச்சினை இல்லை: நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் 25 மணி நேர ஒலி 720 எம்.பி.க்குள் அடங்கும். அந்த 25 மணி நேரத்தை வேண்டுமென்றுதான் சொல்கிறேன். 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில் கதவுப் பலகை பறந்துபோனதே, அதன் குரல் பதிவு இரண்டு மணி நேரம்தான் தாங்கும். தரையிறங்கிய பிறகு கருவியை யாரும் நிறுத்தாததால், அது ஓடிக்கொண்டே இருந்து, வேண்டிய பகுதியின் மேலேயே எழுதிவிட்டது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கு நேர்ந்த இழப்பு, இன்று மலிவான ஒரு மெமரி கார்டு இருந்தாலே நமக்கு நேராது.

இதுவரை விபத்தைப் பற்றியே பேசிவிட்டேன். உண்மையில் இந்தப் பதிவு அதிகம் உதவப்போவது, எதுவும் நடக்காத சாதாரண நாளில். பயிற்றுநர்களே, இது குறிப்பாக உங்களுக்கு. என்னோடு பறந்த மாணவர் ஒருவரின் பதிவை இறங்கிய பிறகு இருவருமாக உட்கார்ந்து கேட்டோம். ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் பறந்துகொண்டிருக்கிறோம். இரண்டாவதாக இறங்கு, முன்னால் இறுதிப் பாதையில் ஒரு விமானம் இருக்கிறது, பார்த்துவிட்டுச் சொல் என்கிறது கோபுரம். "பார்த்துவிட்டேன்" என்று மாணவரின் குரல் உடனே வருகிறது. அதற்கப்புறம் நீண்ட அமைதி. பிறகு நான் "எங்கே இருக்கு, காட்டுங்க" என்கிறேன். பதிலே இல்லை. அந்த இடத்தை அவரே திரும்ப ஓடவிட்டுக் கேட்டார். மூன்றாவது முறை கேட்டுவிட்டு, "சார், அவர் சொல்லி முடிக்கிறதுக்கு முன்னாடியே நான் பதில் சொல்லிட்டேன்" என்றார். நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த பறப்பில், கோபுரம் பேசி முடித்ததும் ஒரு மூச்சு விட்டு, வெளியே பார்த்து, "இன்னும் கண்ணில் படவில்லை" என்று சொன்னார். எத்தனை முறை கரும்பலகையில் எழுதிக் காட்டினாலும் அது இப்படிப் பதியாது.

இப்போது அந்தப் பயத்துக்கு வருகிறேன். என் குரலை வைத்து என்னையே தண்டிப்பார்கள், காப்பீட்டுக்காரர் கேட்பார், கிளப்பில் போட்டுக் காட்டிச் சிரிப்பார்கள், இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். இவை அத்தனையும் நடக்கக்கூடியவைதான். விசாரணைக்கு வந்த குரல் பதிவுகளை மற்ற காரியங்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில், விபத்து விசாரணை பற்றிய 13-ஆம் இணைப்பு பாதுகாப்பு வைத்திருக்கிறது. உங்கள் பையில் இருக்கும் ஃபோன் பதிவுக்கு அதே பாதுகாப்பு எந்த அளவுக்குக் கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் சட்டம் தெரிந்தவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஒழுங்குமுறை அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தானாக முன்வந்து பதிவு செய்கிறவரைத் தண்டிக்க அந்தப் பதிவையே எடுக்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். ஒரே ஒரு விமானியை அவர் குரலை வைத்தே மாட்டிவிட்டால், மறுநாள் எல்லோரும் பதிவை நிறுத்திவிடுவார்கள்.

கிளப் அளவில் செய்ய வேண்டியதை நீங்களே முடிவு செய்யலாம். பதிவு விமானிக்குச் சொந்தம். அவர் அனுமதி இல்லாமல் தலைவரே கேட்டாலும் கிடையாது. பயிற்சிப் பறப்பில் மாணவருக்கும் பயிற்றுநருக்கும் சம உரிமை. இன்ஜினைக் கிளப்பும் முன்பே ஏறியிருக்கும் எல்லோரிடமும் பதிவாகிறது என்று சொல்ல வேண்டும். யாராவது வேண்டாம் என்றால் நிறுத்திவிட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. இணையத்தில் ஏற்றுவது கூடவே கூடாது. கேட்டு முடித்தபின் அழித்துவிடலாம். விபத்தோ ஆபத்தான சம்பவமோ நடந்தால் மட்டும் யாரும் அதைத் தொடாமல், ஓடவிட்டுப் பார்க்காமல், விசாரணையாளர்களிடம் அப்படியே ஒப்படைக்க வேண்டும்.

பயிற்சி விமானங்களில் ஆரம்பியுங்கள் என்பது என் யோசனை. பறப்புக்குப் பின் பேச்சு அங்கே ஏற்கனவே இருக்கிறது, பதிவு அதற்குத் துணையாக இயல்பாகவே சேர்ந்துகொள்ளும். சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, அடுத்த பறப்பிலேயே செய்யலாம். கிளப் பொறுப்பாளர்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள், மேலே சொன்ன விதிகளை உங்களுக்கு ஏற்றபடி மாற்றி எழுதுங்கள், உறுப்பினர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முந்தைய செக்லிஸ்ட்டில் ஒரு வரி கூட்டுங்கள்: "பதிவு ஓடுகிறதா, எல்லோருக்கும் சொல்லியாயிற்றா."

அன்புடன்,
சிறு விமானங்களில் கற்றுக்கொடுக்கும் ஒரு பயிற்றுநர்